பாட வராது என்னும் பொய்

மூன்றாண்டுகளுக்கு முன்பு, முதுகலை முதலாமாண்டு வகுப்பில் நாம் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை நடத்திக் கொண்டிருந்தோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, அவற்றுக்கு நேரே ச, ரி, க, ம, ப, த, நி என்று எழுதினோம். இந்தப் பொருத்தத்தில் ஆய்வாளரிடையே வேறுபாடு உண்டு என்ற அடிக்குறிப்பையும் தவறாமல் சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அந்த ஏழையும் ஒரு தடவை பாடிக் காட்டுங்களேன். எப்படி இருக்கும்னு கேட்டா மனசில நிக்கும்."

நியாயமான கேள்வி. வேதியியல் ஆசிரியரிடம் ஒரு வினையைச் செய்து காட்டச் சொல்வதைப் போன்றது. நாம் செய்து காட்டவில்லை. "நமக்குப் பாட வராதம்மா" என்று சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பத்திக்குப் போனோம். வகுப்பும் சிரித்தது. யாருக்கும் அது வெட்கமாகப் படவில்லை என்பதுதான் பின்னர் நம்மை உறுத்தியது. தமிழாசிரியர் ஒருவர் "எனக்குப் படிக்க வராது" என்று சொன்னால் அவருடைய வேலைக்கே ஆபத்து. "எனக்குப் பாட வராது" என்று சொன்னால் அது தன்னடக்கம். முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிற ஒரு சமூகத்தில், மூன்றில் ஒன்று வராது என்பதைத் தன்னடக்கமாகக் கருதும் நிலை எப்படி வந்தது? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

அந்த ஆண்டே, சிவகாசி வட்டாரத்தில் உள்ள எம். புதுப்பட்டியில், தொடக்கநிலையினருக்கான குரலிசை வகுப்பு ஒன்றில் சேர்ந்தோம். ஞாயிறும் புதனும் மாலை ஆறரைக்கு வகுப்பு. இடம் ஒரு வீட்டின் முன்வராந்தா. ஆசிரியர், கோயிலில் பல்லாண்டு தேவாரம் பாடி ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை 'அய்யா' என்றே அழைத்தோம். நாங்கள் பதினோரு பேர். நாற்பத்தைந்தைத் தாண்டிய நாம், ஒரு பலசரக்குக்கடை அண்ணாச்சி, ஒரு தையற்காரர், பள்ளிப் பிள்ளைகள் மூவர், மீதி ஐவரும் பெண்கள். அவர்களில் நால்வர், இந்தப் பகுதியில் சொல்கிறபடி, 'பயர் ஆபீஸுக்கு' வேலைக்குப் போகிறவர்கள். நாங்கள் பதினோரு பேரும் முதல் நாளில் அய்யாவிடம் சொன்ன முதல் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றுதான்: "எனக்குக் குரல் கிடையாது."

அய்யா சிரிக்கவில்லை. "குரல் இல்லாம எப்படித் தாயி இதைச் சொன்ன?" என்று கேட்டார்.

*

இதை ஒரு மனமாற்றக் கதையாகச் சொல்ல நாம் விரும்பவில்லை. நாம் பாடகராகிவிடவில்லை. இன்றும் மேல் ஷட்ஜத்தில் நம் குரல் கிழிகிறது. நாம் சொல்ல வருவது ஒரு வாதம். குரலிசைக் கூட்டு வகுப்பு என்பதை இசை உலகத்தார் ஒரு பொழுதுபோக்காகவும், இலக்கிய உலகத்தார் தமக்குத் தொடர்பற்றதாகவும் பார்க்கிறார்கள். இரு சாராரும் தவறு செய்கிறார்கள் என்பதே நம் தரப்பு.

முதலில் இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். சிலம்பில் இரண்டு இசைப் பள்ளிகள் உள்ளன. ஒன்று அரங்கேற்று காதையில் வருவது. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் அரங்கேறுகிறாள். அவளுக்கு ஆடலாசான் உண்டு, இசையாசான் உண்டு, யாழாசிரியன், குழலோன், தண்ணுமையோன் எல்லோரும் உண்டு. ஒவ்வொருவரின் தகுதியும் இளங்கோவால் பட்டியலிடப்படுகிறது. முடிவில் 1008 கழஞ்சுப் பொன்னும், தலைக்கோல் பட்டமும்.

மற்றொன்று ஆய்ச்சியர் குரவையில் வருவது. மதுரைக்கு வெளியே ஆயர் சேரி. அன்று குடப்பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்ணில் நீர், மாட்டின் கழுத்துமணி அறுந்து விழுகிறது. ஏதோ தீங்கு வரப்போகிறது என்ற அச்சம் சேரியைப் பிடிக்கிறது. மாதரி என்ற முதியவள் ஏழு பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயரை இடுகிறாள். நீ குரல், நீ இளி, நீ துத்தம் என்று. அவர்கள் கைகோத்துப் பாடி ஆடுகிறார்கள். ஆசான் இல்லை, அரங்கு இல்லை, பொன் இல்லை. பால் கறந்து மோர் விற்கும் பெண்கள் ஏழு பேர் தம் உடலாலேயே ஒரு சுரவரிசையாகி நிற்கிறார்கள்.

இசைக்கல்வி என்றால் இன்று நம் மனத்தில் எழுவது மாதவியின் பள்ளி மட்டுமே. ஐந்து வயதில் தொடங்கியிருக்க வேண்டும், குரு வேண்டும், அரங்கேற்றம் வேண்டும், பரிசு வேண்டும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் இதே மனநிலையின் மலிவுப் பதிப்பு. அங்கே கழஞ்சுக்குப் பதில் அடுக்குமாடி வீடு. மாதரியின் பள்ளியை நாம் 'நாட்டுப்புறக் கூறு' என்று ஒரு குறுந்தலைப்பில் அடைத்து, ஐந்து மதிப்பெண் வினாவாக்கிவிட்டோம். ஆனால் சுரங்களின் பெயரும் அடைவும் தொழில்நுட்பத் தெளிவோடு மாதரியின் வட்டத்திலும் வருகின்றன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இசையிலக்கணம் அவைக்கு மட்டும் உரியது என்று இளங்கோ கருதவில்லை. கருதியவர்கள் நாம்.

*

"குரல் பிறவியில் வர வேண்டும்" என்ற நம்பிக்கையை இனி எடுத்துக்கொள்வோம். சுருதி பேதத்தை உணரவே இயலாத பிறவிக்குறை உண்மையில் உண்டு. அதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த இசபெல் பெரெட்ஸ். நெடுங்காலம் அக்குறை நூற்றுக்கு 4 பேருக்கு இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. அவரும் உடனாய்வாளரும் 2017-இல் வெளியிட்ட விரிவான கணிப்பு அதை ஏறத்தாழ 1.5 ஆகக் குறைத்தது. எனில், "எனக்குச் சுருதி சேராது" என்று சொல்லும் மிகப் பெரும்பாலோருக்குக் காதில் குறையில்லை. காது கேட்பதைத் தொண்டை செய்யப் பழகவில்லை, அவ்வளவே. பழகாததைப் பழக்கலாம். நீச்சல் தெரியாதவனைப் பிறவியிலேயே நீந்த முடியாதவன் என்று யாரும் சொல்வதில்லை. பாட்டில் மட்டும் சொல்கிறோம்.

எம். புதுப்பட்டி வராந்தாவில் முதல் ஒரு மாதம் நாங்கள் செய்தது மிக எளிது. சுருதிப்பெட்டியை வைத்துவிட்டு ச, ப, மேல் ச என்ற மூன்றை மட்டும் பிடித்து நிற்பது. பிறகு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. இந்தப் பாடமுறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. ஏன் அந்த இராகம் என்பது பாடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ச-விலிருந்து ம வரை உள்ள இடைவெளிகள் எவையோ, அவையே ப-விலிருந்து மேல் ச வரையிலும் அப்படியே திரும்ப வருகின்றன. கீழ்ப்பாதியைக் கற்றவன் மேற்பாதியைப் பாதி கற்றுவிட்டான். தொடக்கநிலை மாணவனை மனத்தில் வைத்து எண்ணிய ஒருவரின் தேர்வு அது. மேதைகளுக்காக வகுத்த பாடமானால் இந்தப் பரிவு தேவைப்பட்டிராது.

*

வித்துவான்களின் மறுப்புகள் நமக்குத் தெரியும். நேரிலேயே கேட்டிருக்கிறோம். நகரத்துச் சபையொன்றின் பொறுப்பாளரிடம், பெரியவர்களுக்கான மாலை வகுப்பு ஒன்றுக்கு அவர்களுடைய கூடத்தைக் கேட்டபோது, "கோரஸ் கத்துறதுக்கு எதுக்கு சார் வாத்தியார்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று மறுப்புகள் அடங்கியுள்ளன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கூட்டத்தில் பாடினால் தனிமனிதப் பிழை மறைந்துவிடும் என்பது. இது உண்மையான இடர். பதினோரு குரல்களுக்குள் ஒரு பிசகிய குரல் ஒளிந்துகொள்ளும். நாமே ஒளிந்திருக்கிறோம். ஆனால் இதற்கு மருந்து உண்டு. அய்யா ஒவ்வொரு வரிசையையும் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை, பிறகு ஒவ்வொருவரும் தனியே ஓர் ஆவர்த்தனம், மீண்டும் எல்லோரும் என்று சுற்றி வரச் செய்தார். தனியே பாடுகிறவர் தவறினால் அடுத்த சுற்றில் கூட்டம் அவரைத் தூக்கி நிறுத்தும். முதல் வாரம் வாயே திறக்காத தையற்காரர் ஆறாவது வாரம் தனியே பாடினார். தனி வகுப்பாக இருந்திருந்தால் அவர் இரண்டாம் நாளே நின்றிருப்பார். இதை அவரே சொன்னார்.

இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே சுருதி ஒத்து வராது என்பது. இதுவும் உண்மை. ஆண்களுக்குப் பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டை, பெண்களுக்கு ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை இயல்பாக அமைகிறது. ஒரே சுருதியில் எல்லோரையும் இழுத்தால் ஒரு பாதியின் தொண்டை புண்ணாகும். பல பள்ளிகளில் இறைவணக்கம் கூச்சலாக ஒலிப்பதன் காரணம் பிள்ளைகளுக்குக் குரல் இல்லாமை அன்று. சுருதி பற்றி ஆசிரியர் சிந்திக்காமையே. எங்கள் வகுப்பில் சுருதியை மாற்றி வைத்து, பெண்கள் பாடும்போது ஆண்கள் தாளம் போட்டோம், ஆண்கள் பாடும்போது பெண்கள் போட்டார்கள். பாதி நேரம் வீண் என்று முதலில் நினைத்தோம். பின்னரே தெரிந்தது, பிறர் தவறுவதையும் திருந்துவதையும் கேட்ட அந்தப் பாதி நேரத்தில்தான் நம் காது பழகியது என்று. தனி வகுப்பில் கிடைக்காத கல்வி அது.

மூன்றாவது, குருகுல மரபு சிதையும் என்பது. குருகுலம் வித்துவானை உருவாக்கும் முறை. அதை யாரும் கலைக்கச் சொல்லவில்லை. ஆனால் தமிழிசை மரபில் குருகுலம் ஒன்றே வழி என்பது வரலாற்றுப் பிழை. தேவாரப் பாடசாலைகளில் பிள்ளைகள் வரிசையில் அமர்ந்து சேர்ந்தே பண் பயின்றார்கள். பஜனை மடங்களில் ஊரே சேர்ந்து பாடியது. எம். புதுப்பட்டியிலிருந்து வெகுதொலைவில் இல்லாத ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாள், திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் பேசும் குரல் பெரும்பாலும் 'நாம்' என்னும் பன்மைக் குரல். உறங்கும் தோழியரை வீடு வீடாக எழுப்பிக் கூட்டம் சேர்த்துப் போகும் பாட்டு அது. எழுப்பப்படும் பெண்களுள் எவளையும் "உனக்குக் குரல் இருக்கிறதா?" என்று ஆண்டாள் கேட்டதாகத் தெரியவில்லை.

*

இனி நம் தரப்பினர் மீதான குற்றச்சாட்டு.

தமிழிசை இயக்கத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசவும் வேண்டும். ஆபிரகாம் பண்டிதர் தம் வாழ்நாளையும் பொருளையும் செலவிட்டு 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' தந்தார். அண்ணாமலை செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி தொடங்கினார். 1941-இல் அங்கே தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. விபுலாநந்த அடிகள் 1947-இல் 'யாழ் நூலை' வெளியிட்டார். சங்கம் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை ஆண்டுதோறும் நடத்தியது. இவையெல்லாம் சாதாரணச் செயல்கள் அல்ல.

ஆயினும் அந்த விவாதத்தில் எழுந்த பெருங்கேள்வி, மேடையில் எம்மொழியில் பாடுவது என்பதாகவே இருந்தது. யார் பாடுவது என்ற கேள்வி அந்த வேகத்தில் எழவில்லை. தமிழ்ப் பாட்டுக்கு மேடை கிடைத்தது. தமிழரின் தொண்டைக்குப் பாட்டு கிடைக்கவில்லை. கச்சேரியின் இறுதியில் ஒலித்த 'துக்கடா' தமிழிலே இருந்தால் போதுமா, நடுவில் வர வேண்டுமா என்று வாதிட்டவர்கள், கீழே அமர்ந்திருந்த ஆயிரம் பேரும் வாய்மூடிக் கேட்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வென்றது பாதி. மீதிப் பாதியைக் கேட்கவும் மறந்துவிட்டோம்.

ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் எளிய சுர எழுத்து முறை ஒன்றை வகுத்தார். ஜான் கர்வென் என்ற பாதிரியார் 1840-களிலிருந்து அதை வளர்த்து ஞாயிற்றுப் பள்ளிகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பரப்பினார். அது நம் ச, ரி, க, ம-வைப் போலவே ஆதாரச் சுருதியை எங்கும் நகர்த்திக்கொள்ளக் கூடிய முறை. ஆலையில் வேலை செய்தவர்கள் மாலையில் கூடிப் பயின்று பெரும் சேர்ந்திசைகளைத் தாமே பாடினார்கள். கருவி நம்மிடம் முன்பே இருந்தது. கர்வென்தான் இல்லை.

இன்று தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை நடத்துகிறது. குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில் முதலியன மூன்றாண்டுகள் கற்பிக்கப்படுகின்றன. கட்டணமும் மிகக் குறைவு. நல்ல ஏற்பாடு. ஆனால் சேர்க்கை அறிவிப்புகளில் வயது வரம்பு 12 முதல் 25 வரை என்று இருக்கிறது. வகுப்பும் பகலில். பகல் முழுதும் வேலைக்குப் போகும் முப்பது வயதுப் பெண்ணுக்கு, அரசின் கணக்கில், பாடக் கற்கும் வயது கடந்துவிட்டது. எழுத்தறிவுக்கு முதியோர் கல்வி என்று ஓர் இயக்கமே நடத்திய நாடு, இசையறிவுக்கு இருபத்தைந்தில் கதவைச் சாத்துகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றவாளிகள் தமிழ்த்துறையினராகிய நாம். முதுகலையில் பண்களின் பெயர் கேட்டு வினா வைக்கிறோம். கொல்லி, காந்தாரம், பழம்பஞ்சுரம் என்று மாணவன் வரிசை பிசகாமல் எழுதுகிறான். ஒன்றையும் அவன் கேட்டதில்லை. விடைத்தாளைத் திருத்தும் நாமும் பலர் கேட்டதில்லை. சந்தத்தை அசை பிரித்து வாய்பாடு எழுதச் சொல்கிறோம், வாய்விட்டுச் சொல்லச் சொல்வதில்லை. காவடிச் சிந்தை, கழுகுமலைக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, கைக்குறிப்பாகப் படிய எழுதவைக்கிறோம். சமையற்குறிப்பை மனப்பாடம் செய்துவிட்டுப் பசியாறியதாகச் சொல்வது போன்றது இது. "தமிழ்த்துறை என்ன இசைத்துறையா?" என்பார்கள். இல்லை. ஆனால் வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து பாடுவதற்கு இசைத்துறை தேவையில்லை. ஒரு சுருதிப்பெட்டியும், தவறாகப் பாடத் துணிந்த ஓர் ஆசிரியரும் போதும்.

*

"இதனால் என்ன பயன்?" என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. எம். புதுப்பட்டியை முன்வைத்தே அதற்கு விடை சொல்ல வேண்டும்.

இந்தக் கரிசல் நிலத்தில் களையெடுப்பிலும் அறுவடையிலும் வரிசையாக நின்ற பெண்கள் பாடினார்கள். ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் வாங்கினார்கள். அதுவும் ஒரு வகுப்புதான். மானாவாரி வெள்ளாண்மை பொய்க்கப் பொய்க்கப் பிழைப்பு தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மாறியது. மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. உயிர் காக்கும் விதி, மீறக் கூடாத விதி. ஆனால் நால்வர் தனித்தனியே குனிந்து கணக்குக்கு உழைக்கும் அறையில், ஒருத்தி எடுத்து இருபது பேர் வாங்கும் பாட்டுக்கு இடமில்லை. வகுப்பில் எங்களோடு பயின்ற அக்கா ஒருவர் சொன்னார்: "எங்க ஆத்தா குலவை போட்டா ஊருக்கே கேக்கும் சார். எனக்குக் குலவையே மறந்து போச்சு." குரல் இல்லாதவர் அல்லர் அவர். குரலுக்கு இடம் இல்லாமற் போனவர்.

இதே சிவகாசி மண்ணில் 1886-இல் பிறந்தவர் விசுவநாத தாஸ். சவரத் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்து நாடக மேடையில் பாடி, வெள்ளையரைக் கொக்காக உருவகித்த பாட்டால் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர் துறந்தார். அவர் பாட்டுக்கு அரசு அஞ்சியதற்குக் காரணம் அவர் நன்றாகப் பாடினார் என்பது மட்டும் அன்று. கேட்டவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் அதைப் பாடிக்கொண்டே போனார்கள் என்பதுதான். கேட்பவரும் பாடுபவராக இருந்த காலம் அது.

2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் வெடி விபத்து. 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் விபத்து. இடையிலும் முன்னும் பின்னும் எத்தனையோ. இந்தப் பகுதியில் பிற்பகலில் தொலைவில் ஒரு சத்தம் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் வாசலுக்கு வருகிறார். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் அப்படி ஒரு சத்தம் கேட்டது. சுருதிப்பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. கைப்பேசிகள் வெளியே வந்தன. சற்று நேரத்தில், கல்குவாரியில் வைத்த வெடி என்று தெரிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. அய்யாவும் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ச புடிங்க" என்றார். பதினோரு பேரும் பிடித்தோம். அன்றைக்குப் பிசகாமல் நின்றது.

பாட்டு விபத்தைத் தடுக்காது. அந்த மூடநம்பிக்கை நமக்கு இல்லை. மாதரியின் குரவையும் எதையும் தடுக்கவில்லை. குரவை முடிந்ததும் வந்தது கோவலன் கொலையுண்ட செய்தி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் செய்தி கேட்டுப் பதறி எழுந்த கண்ணகி, தன் முறையீட்டை முதலில் சொன்னது பாண்டியனிடம் அன்று. குரவைக்குக் கூடியிருந்த அந்த ஆயர் பெண்களிடம்தான். அவையில் நீதி கேட்பதற்கு முன்னர் அவளுக்கு ஒரு வட்டம் தேவைப்பட்டது. சேர்ந்து பாடிய பெண்கள் அந்த வட்டமாக அங்கே நின்றிருந்தார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. மாவட்ட இசைப்பள்ளிகள் தோறும் வயது வரம்பின்றி ஒரு மாலை நேரக் கூட்டு வகுப்பு வேண்டும். தமிழ்த்துறைகளில் வாரம் ஒரு மணி நேரம் வாய்திறந்து பாட வேண்டும். நாம் நம் வகுப்பில் தொடங்கிவிட்டோம். சென்ற பருவத்தில் ஆய்ச்சியர் குரவை வந்தபோது, ஏழு மாணவியரை வட்டமாக நிறுத்தி ஆளுக்கொரு சுரம் கொடுத்தோம். மூன்று பேருக்குச் சுருதி சேரவில்லை. நமக்கும் விளரி சற்று இறங்கிவிட்டது. பக்கத்து வகுப்பிலிருந்து ஒருவர் வந்து, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைக்கவில்லை.

ஏழிசையில் முதல் இசைக்குத் தமிழன் இட்ட பெயர் 'குரல்'. தொண்டையிலிருந்து வருவதற்கும் அதே பெயர்தான். பாட வராது என்று இனி நம்மிடம் சொல்லுகிறவரை, அய்யாவைப் போலவே, அந்த வாக்கியத்தை எதைக் கொண்டு சொன்னீர்கள் என்று மட்டும் கேட்போம்.